ஸ்பேமுக்குப் போன மன்னிப்பு

அந்த அலுவலகத்தின் மெயிலைப் பார்த்துக்கொள்பவளை எல்லோரும் சர்வர் அக்கா என்பார்கள். "வெளியிலருந்து வர்ற மெயில் பாதி வந்தே சேரல" என்று பர்சேஸ் மேடம் வந்து நின்றதும் அவள் வேலையில் இறங்கினாள்.

மெயில்களைச் சலிக்க அங்கே இரண்டு ஸ்பேம் வடிகட்டிகள் இருந்தன. பழையது, லேசாகச் சந்தேகம் தட்டினாலே தலைப்பில் 'கவனம்' என்று ஒட்டி அனுப்பிவிடும். போன மாதம் வந்த புதியதோ, அந்தச் சொல்லைப் பார்த்ததுமே மெயிலைத் தூக்கி ஸ்பேம் கிடங்கில் போட்டுவிடும். ஒன்று கண்ணைக் காட்ட, மற்றது கழுத்தைப் பிடித்தது.

புதியதே போதும் என்று பழையதை நிறுத்தினாள். பிறகு மேடத்தைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கு வந்து முடங்கிக் கிடந்த மெயில்களைத் திறந்தாள். நடுவில் ஒன்று, ஸ்டோர் மேனேஜர் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியது. 'எல்லார் முன்னாடியும் உங்களைத் திட்டியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.'

மேடத்தின் முகம் மாறியது. "ஒரு வார்த்தை சொல்லலையேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டே திரிஞ்சேனே!"

"நீங்க பதிலே போடலைன்னு அவரும் நெனச்சிருப்பாரு."

"இப்பப் போட்டுடட்டுமா?"

சர்வர் அக்கா சிரித்தாள். "மெயில் வேணாம் மேடம். பக்கத்து ரூம்லதானே இருக்காரு, நேர்லயே சொல்லிடுங்க."

மேடம் எழுந்து போனார். பிறகு அந்த அறையிலிருந்து இருவரும் சிரிப்பது கேட்டது.