தம்பு, ஆண், ஒன்று

பினாங்கின் ஏரிகளிலும் குளங்களிலும் இறங்குகிற பறவை எதுவானாலும், தன்னுடைய ஒப்புதல் கிடைத்த பிறகுதான் அது இறங்கியதாக ஆகும் என்று நாச்சியப்பன் சொன்னபோது அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லிட்டில் இந்தியாவில் நாணய மாற்றுக் கடை வைத்திருந்த அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்ப்பவர்களின் குழுவுக்குச் சரிபார்ப்பாளர். யார் எந்தக் குளத்தில் எதைப் பார்த்துக் கைப்பேசியில் பதிந்தாலும் அது அவரிடம் வந்து நிற்கும். அவர் ‘உண்டு’ என்று அழுத்தினால் உண்டு. ‘இல்லை’ என்று அழுத்தினால் இல்லை. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கும் அதே கண்ணால்தான் பறவையையும் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வார். ஒருமுறை பட்டர்வொர்த் பக்கம் நாரை ஒன்று நிற்பதாக வந்த பதிவை அவர் இல்லை என்று தள்ள, நாரை அன்று மாலையே கிளம்பிப் போனது. பிறகு யார் கண்ணிலும் படவில்லை. “நான் சொன்னா வானமே கேக்கும்லா” என்றார் நாச்சியப்பன். எதிர்த்துப் பேசுவதற்கு யாரிடமும் நாரை இல்லை.

தம்பு பறந்து போய் வருவது அப்போதே பழைய செய்தி. ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். புக்கிட் தெங்காவில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், மழைவெள்ளம் தேங்குவதற்காகத் தோண்டிய ஏரியின் கரையில் தினமும் போய் உட்கார்ந்திருப்பார். ஒரு மார்ச் மாதம் தகைவிலான் குருவிகள் வடக்கே கிளம்பியபோது அவரும் எழுந்தார். எழுந்தவர் நிற்கவில்லை. மின்கம்பிகளைத் தாண்டி, புகைபோக்கியை வலப்பக்கம் விட்டு, காற்சட்டை படபடக்க, சட்டைப் பையில் பேனாவோடு மறைந்தார். அக்டோபர் கடைசியில், வடக்கே குளிர் தொடங்கி இங்கே வாத்துகள் வந்து இறங்கும் வாரத்தில், வெயிலில் கறுத்து, காலில் எந்த ஊர் என்று தெரியாத சேற்றோடு அதே கரையில் வந்து இறங்கினார். எங்கே போனீர்கள் என்று மனைவி ஞானாம்பிகை கேட்டதற்கு, நல்ல ஊர், ஆனால் சோறில்லை என்றார். அடுத்த ஆண்டும் அப்படியே, அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. அக்கம்பக்கத்தார் முதல் தடவை பதறிக்கொண்டு வந்து விசாரித்தார்கள். இரண்டாம் தடவை, வருகிற வழியில் மழை எப்படி என்று கேட்டார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். குடிநுழைவுத் துறையில் வேலை பார்த்த ஒருவர், வாசல் வழியாக வெளியே போகாத ஆள் நாட்டை விட்டுப் போனதாகவே ஆகாது என்று விளக்கினார். அதோடு எல்லாருக்கும் குழப்பம் தீர்ந்தது. ஞானாம்பிகைக்கு மட்டும், பாஸ்போர்ட் அலமாரியிலேயே கிடப்பது கொஞ்சம் உறுத்திக்கொண்டிருந்தது.

பறவை பார்ப்பவர்களுக்குக் கறாரான விதிகள் இரண்டு உண்டு: பறவையைக் கூப்பிடக் கூடாது, பறவைக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது. ஞானாம்பிகை இரண்டையும் செய்தார். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் அடுக்குச்சட்டியில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்துவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவர் குடும்பத்தில் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. ஆகவே வடக்கே பார்த்து, “இஞ்சருங்கோ... வாங்கோ...” என்று இழுத்துக் கூப்பிடுவார். சேற்றில் மேயும் உள்ளான்கள் திரும்பிப் பார்க்கும். தம்பு எங்கிருந்தாலும் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்துவிடுவார்.

நாச்சியப்பனுக்கு இது பொறுக்கவில்லை. குழு வழக்கமாகக் கூடும் கோப்பிக்கடையில், கையிலிருந்த கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரலை மெல்லிசாக்கி, “இஞ்சருங்கோஓஓ” என்று செய்து காட்டினார். இரண்டு பேருக்குப் புரையேறியது. “வந்தா எழுதணும். கூப்பிடக் கூடாது. இது என்ன, மாப்பிள்ளை அழைப்பா? என்னைக் கொன்னாலும் நான் இப்படிக் கத்த மாட்டேன்” என்றார்.

இதெல்லாம் கேலியோடு போயிருக்கும். சிக்கல் வந்தது அஸ்லானின் ஒழுங்கினால். புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவன் அவன். கூட வேலை செய்தவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவன். பார்த்த எதையும் பதியாமல் விட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. உடும்பைப் பதிவான், நீர்நாயைப் பதிவான், தும்பியைப் பதிவான். ஒரு ஜனவரியில், இத்தனை வருடம் கண்ணெதிரே இருந்த ஒன்று விட்டுப்போனது அவனுக்கு உறைத்தது. ‘தம்பு, ஆண், வளர்ந்தது, ஒன்று. கரையில் அமர்ந்து தேநீர் குடிக்கிறது’ என்று பதிந்து அனுப்பினான். நாச்சியப்பன் உடனே போன் போட்டார்.

“டேய் அஸ்லான், இது என்னடா?”

“அங்கிள் தம்புலா. காலையில நானே பாத்தேன்.”

“அவரு மனுசன்டா!”

“வாராரு, போறாரு, சீசன் தப்பல. பின்ன எப்படி எழுதுறது, நீங்களே சொல்லுங்க அண்ணே.”

நாச்சியப்பன் போனை வைத்துவிட்டு யோசித்தார். உண்டு என்றால் பறவைப் பட்டியலில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் ஏறுவார், கோலாலம்பூர்ப் பறவைக் குழுக்காரர்கள் சிரிப்பார்கள். இல்லை என்றால், போன வாரம் தன் கடையில் நூறு வெள்ளி நோட்டுக்குச் சில்லறை வாங்கிப் போனது யார்? கடையில் டாலரைக் கேட்டவருக்கு ரூபாயை எடுத்துக் கொடுக்குமளவுக்கு அவர் குழம்பினார். கடைசியில் விதியைப் பிடித்துக்கொண்டார். அபூர்வமான வரவுக்கு இரண்டு சாட்சி வேண்டும். மனைவி சாட்சி செல்லாது, உறவு. அஸ்லான் சாட்சியும் செல்லாது, அவன் அந்த வீட்டு இடியாப்பம் சாப்பிட்டவன். ‘இல்லை’ என்று அழுத்தினார்.

அந்த நேரம் தம்பு ஏரிக்கரையில்தான் இருந்தார். எதற்காக வந்தோம் என்பதை மறந்துபோன ஆளைப் போலத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு, எழுந்து வடக்கே பறந்து போனார் என்று அஸ்லான் சொன்னான். தகைவிலான்கள் ஒன்றுகூட அசையவில்லை. அவை போக இன்னும் மாதங்கள் இருந்தன. தொலைதூரம் போகிற எதுவும் கிளம்புமுன் வயிறாரத் தின்று உடம்பை ஏற்றிக்கொண்டுதான் போகும். ஏற்றாமல் போவது வழியில் விழும். இது குழுவில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த அக்டோபரில் வாலாட்டிகள் வந்தன, நீலச்சிறகி வாத்துகள் வந்தன, பஞ்சுருட்டான்கள் கம்பியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. தம்பு வரவில்லை. ஞானாம்பிகை கூப்பிட்டார். நவம்பர் முழுக்க மழையில் குடைக்குள் நின்று கூப்பிட்டார். குரல் முதலில் கம்மியது, பிறகு கீச்சிட்டது, டிசம்பரில் காற்று மட்டும்தான் வந்தது. வருடம் முடிவதற்குள் வராதது இனி வராது என்று குழுவில் வகுப்பெடுத்திருந்தவர் நாச்சியப்பன்தான்.

ஞானாம்பிகை கடல் தாண்டும் பெர்ரியில் ஏறித் தீவுக்கு வந்து, நாணய மாற்றுக் கடையில் வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முறை வந்ததும் கண்ணாடிக்கருகே குனிந்தார்.

“நீங்கள்தானே, தம்பி, ‘இல்லை’யெண்டு போட்டனீங்கள்.”

“அக்கா, மாத்திட்டேன். இங்க பாருங்க, உண்டுன்னு போட்டுட்டேன்.” அவர் கைப்பேசியைக் காட்டினார். அந்த மாதம் அவர் அதைப் பலமுறை அழுத்தியிருந்தார். ஒவ்வொரு முறையும் அது நன்றி சொன்னது. வேறொன்றும் நடக்கவில்லை. வானம் தன் பேச்சை ஏன் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்பது அவருக்கு விளங்கவேயில்லை.

“போட்டது காணும், விடுங்கோ. எனக்குக் குரல் போச்சு. நீங்கள் வந்து கூப்பிடுங்கோ.”

டிசம்பரின் கடைசி ஞாயிறு காலை, நாச்சியப்பன் தொப்பியும் தொலைநோக்கியுமாக ஏரிக்கரையில் நின்றார். ஞானாம்பிகை அடுக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அஸ்லானும் வந்திருந்தான். நாச்சியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பு அண்ணே!” என்றார். ஒரு கொக்கு எழுந்து போனது. “தம்பு சார்!” என்றார். உடும்பு ஒன்று தண்ணீருக்குள் நழுவியது. “மிஸ்டர் தம்பு!” என்றதற்கு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தொழிற்சாலைக் காவலாளி எட்டிப் பார்த்தார். ஞானாம்பிகை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி, அதல்ல என்றார்.

“அண்ணே, ஒவ்வொன்னும் அதுக்குப் பழகின குரலுக்குத்தான் திரும்பும். நீங்கதான் கிளாஸ்ல சொன்னீங்க” என்றான் அஸ்லான். சொல்லிவிட்டு, ஒரு மீன்கொத்தியை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினான். மீன்கொத்தி பறந்து போன பின்னும் அந்தக் கிளையையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாச்சியப்பன் தொப்பியைக் கழற்றினார். காவலாளி போய்விட்டாரா என்று பார்த்துக்கொண்டார். கோப்பிக்கடையில் வந்த குரல் இப்போது வரவில்லை. வேறு ஏதோ ஒரு குரல், அவருக்கே பழக்கமில்லாதது, தயங்கித் தயங்கி வந்தது.

“இஞ்சருங்கோ,” என்றார். பிறகு, இன்னும் மெதுவாக, “வாங்கோ.”

புகைபோக்கிக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. வாத்தின் சிறகடிப்பில்லை, காற்சட்டை படபடத்தது. தம்பு கணுக்காலளவு தண்ணீரில் இறங்கி, எலும்பும் தோலுமாகக் கரையேறி வந்து, யார் கூப்பிட்டது என்று கேட்டார். ஞானாம்பிகை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கையாலேயே நாச்சியப்பனைக் காட்டினார். தம்பு அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நாச்சியப்பன் அடுக்குச்சட்டியைத் திறந்து இடியாப்பத்தை எடுத்து வைத்தார். சொதி ஆறிப்போயிருக்கிறது என்றார் தம்பு. அடுத்த வாரம் சூடாகக் கொண்டுவருவதாக நாச்சியப்பன் சொல்லி, இன்னும் இரண்டு இடியாப்பம் வைத்தார். மார்ச்சுக்குள் உடம்பு ஏற வேண்டும்.