ஒரு வரி டாக்டர் சொல்லாமல் விட்ட பாதி

மாடியில் ஒரே அறை. வெளியே நீளமான பெஞ்சு, அதில் இருமலும் அழுகையும் அலுப்புமாக ஜனங்கள். உள்ளே போனவர் நாற்காலி சூடாவதற்குள் வெளியே வந்துவிடுவார். அதனால் அந்த வட்டாரத்தில் டாக்டரம்மாவுக்கு 'ஒரு வரி டாக்டர்' என்றே பெயர். கெட்ட டாக்டர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைராசிக்காரர்தான். ஆனால் வாயைத் திறந்தால் ஒரு வரி. அதற்கு மேல் யாராவது கேட்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். கேட்டவர் தானாக எழுந்துவிடுவார்.

அன்று காலை உள்ளே வந்தவர் பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா. டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளைத் தைத்ததும் அவர்தான். பெண்களுக்கான இலவசப் பரிசோதனை முகாமில் மாதிரி கொடுத்திருந்தார். முடிவு டாக்டரிடம் வந்திருந்தது. கணவர் பஸ் டிரைவர். வேலைக்குப் போகிற வழியில் சீருடையோடு கூட வந்து கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவரை வெளியே இருக்கச் சொல்லலாமா என்று அந்த அம்மாவைக் கேட்க டாக்டருக்குத் தோன்றவில்லை.

"எச்.பி.வி. பாசிட்டிவ்" என்றார் டாக்டர், தாளைப் பார்த்தபடியே. "உடலுறவு மூலமாப் பரவற கிருமி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கர்ப்பப்பை வாயைக் காட்டிட்டு வந்துடுங்க."

தையல்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருகிட்டேருந்து டாக்டர் வந்திருக்கும்?" என்று கேட்டார் டிரைவர். கேள்வி டாக்டரிடம், பார்வை மனைவியிடம்.

"அது உங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்தார்.

அந்த வாரமே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது பற்றி மருத்துவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. பயிற்சி வகுப்பு என்றாலே நம் டாக்டருக்குச் சந்தேகம். யாரோ எதையோ விற்கிறார்கள் என்பது அவருடைய முடிவான கருத்து. கொடுத்த பேனாவைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைச் சுற்றிப் பார்த்தார். பையை உள்ளும் புறமும் ஆராய்ந்தார். எங்கும் ஒரு கம்பெனியின் பெயரும் இல்லை.

"இந்த எச்.பி.வி. தடுப்பூசியை நம்ம தலையில கட்டப் பார்க்கிறது யாரு?" என்று பக்கத்திலிருந்த குழந்தைகள் டாக்டரிடம் கிசுகிசுத்தார்.

"கம்பெனி யாரும் இல்லையாம். சுகாதாரத் துறை செலவாம்."

"அதான் இன்னும் சந்தேகமா இருக்கு."

பாடம் எடுக்க வந்தவர் ஒரு பெண்கள் நல மருத்துவர். பேசிப் பேசித் தொண்டை கட்டிய குரல். ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் ஊசி போட்டால் நல்ல பாதுகாப்பு என்றார். ஊசி போட்டுக்கொண்டவர்களும் பிற்காலத்தில் பரிசோதனையை விடக் கூடாது என்றார். நம் டாக்டருக்கும் அந்த வயதில் ஒரு மகள் உண்டு. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த கதைதான்.

"இந்த அறையில இருக்கற பெண் டாக்டர்கள்ல எத்தனை பேர் உங்களுக்கே பரிசோதனை செஞ்சுக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டார் அவர்.

இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் உயர்ந்தன. மற்றவர்களுக்குத் திடீரென்று கையிலிருந்த பேனா ரொம்ப சுவாரசியமாகிவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் கூட்டம் தன் உடம்பென்றால் எப்படி நழுவுகிறது பாருங்கள்! விருப்பமுள்ளவர்கள் தாங்களே மாதிரி எடுத்துக்கொள்ளப் பஞ்சுக் குச்சிகள் வைத்திருந்தார்கள். பயந்துவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காக நம் டாக்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், மாதிரியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

டீக்குப் பிறகு அடுத்த பாடம்: 'பாசிட்டிவ் என்பதை எப்படிச் சொல்வது?'

"சொல்றதுக்கு ஒரு வகுப்பா? வாய் இருக்கு, சொல்லப் போறோம்" என்று முணுமுணுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டர் நழுவிவிட்டார்.

அவருடைய பரிசோதனை முடிவு சில நாட்களில் ஃபோனுக்கு வந்தது. பாசிட்டிவ்.

இந்தக் கிருமியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்ததெல்லாம் அவருக்குத் தலையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் பயம் பிடித்துக்கொண்டால் தலை சொல்வதை யார் கேட்கிறார்கள்? டாக்டருக்கு முதலில் நினைவு வந்தது கிருமி அல்ல, கணவர். லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதர். இன்று இந்தக் கட்டடம், நாளை வெளியூர். போன மாதம் கூட வெளியூரில் தங்கினாரே! திரும்பி வந்தபோது ஏன் அத்தனை சந்தோஷமாக இருந்தார்?

அதற்குப் பிறகு அவர் பார்வைக்கு எல்லாமே தப்பாகத்தான் பட்டது. கணவர் சட்டையை மாற்றினால் ஏன் மாற்றுகிறார், மாற்றாவிட்டால் ஏன் மாற்றவில்லை? ஃபோனைப் பார்த்துச் சிரித்தால் யாரோடு சிரிக்கிறார்? கணவர் குளிக்கப் போன நேரத்தில் ஃபோனை எடுத்தார். 'ஆறாவது மாடி மேடம்' என்று ஒரு பெயர். கீழே, 'உடனே வாங்க, ப்ளீஸ்' என்று ஒரு செய்தி. அந்த எண்ணை அழைத்தார்.

"லிஃப்ட்காரத் தம்பியா?" என்றது வயதான ஒரு குரல். "மறுபடியும் நடுவுல நின்னுபோச்சுப்பா! எனக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியலை!"

அதோடு விட்டிருக்கலாம். சந்தேகம் விடுமா? ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, "போன மாசம் எங்க தங்கினீங்க?" என்று ஆரம்பித்தார்.

"இதோட நாலஞ்சு தடவை கேட்டுட்டே. போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா? எதுவா இருந்தாலும் நேரடியாக் கேளு."

டாக்டர் தன் ஃபோனில் வந்திருந்த முடிவை நீட்டினார். கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நிதானமாகப் படித்தார். அவர் முகம் வாடிவிட்டது. கோபம் வந்திருந்தால் கூடத் தேவலை.

"உடம்புக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே? அதைச் சொல்லு முதல்ல."

"பேச்சை மாத்தாதீங்க. இது எங்கேருந்து வந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் லிஃப்ட் பார்க்கறவன். நீதான் டாக்டர்." அவர் குரல் தாழ்ந்தது. "இதே ரிப்போர்ட்டோட ஒரு அம்மா உன்கிட்ட வந்து, யாருகிட்டேருந்து வந்துச்சுன்னு கேட்டா நீ என்ன சொல்லுவே?"

அந்தக் கேள்விக்கு டாக்டர் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லியிருந்தார். மணியை அடித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கதவருகே நின்ற டிரைவரின் பார்வை இப்போதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே கணவரிடம் மன்னிப்பும் கேட்டார்.

மறுநாளே தொண்டை கட்டிய டாக்டரைத் தேடிப் போனார்.

"ஒரு பேஷண்டுக்குப் பாசிட்டிவ் வந்திருக்கு. அவங்க வீட்டுக்காரர் மேல சந்தேகப்படறாங்க..."

"அந்தப் பேஷண்ட் டாக்டரா?" என்று கேட்டார் அவர், சிரிக்காமல். நம் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க பாதியில எழுந்து போனது எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த மீதிப் பாதியில சொன்னது இதுதான். தாம்பத்தியம்னு ஒண்ணு இருக்கற பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில எப்பவாவது இந்தக் கிருமி வரும். முக்கால்வாசி தானாப் போயிடும். சிலருக்கு வருஷக்கணக்கா சத்தம் காட்டாம இருந்துட்டு, அப்புறம் தலை தூக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, யாருகிட்டேருந்து யாருக்கு, எதையும் இந்தப் பரிசோதனை சொல்லாது. பாசிட்டிவ்னா புற்றுநோயும் இல்லை. கவனிச்சுப் பார்க்கணும்னு அர்த்தம், அவ்வளவுதான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சதை உங்க நாற்காலிக்கு முன்னாடி உட்கார்றவங்ககிட்ட முழுசாச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அன்று மதியமே டாக்டர் தையல் கடைக்குப் போனார். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே தையல்காரம்மா தைக்காமல், மெஷின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போகலை. போகவும் மாட்டேன்." அவர் டாக்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னிலேருந்து அவர் என்கூடப் பேசறதில்லை. நான் கடைக்கு வந்தா பின்னாடியே வந்து, யார் யார் துணி கொடுக்க வர்றாங்கன்னு பார்க்கறார். இப்ப அந்தப் பரிசோதனைக்கும் போனா, தப்புப் பண்ணினதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? நான் எதையும் பண்ணலை டாக்டர். செத்தாலும் சரி, போக மாட்டேன்."

தான் சொன்ன ஒரு வரி இந்த அம்மாவின் உயிருக்கே உலை வைக்கப் பார்க்கிறது என்று டாக்டருக்குப் புரிந்தது.

"தப்பு என்னோடதும்மா. பாதியைச் சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டேன்" என்றார். தொண்டை கட்டிய டாக்டரிடம் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னார். பிறகு, "நீங்க சரின்னு சொன்னா மட்டும், உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நானே பேசறேன்" என்றார்.

தையல்காரம்மா சரி என்று தலையசைத்தார்.

கணவன் மனைவி இருவரும் டாக்டரின் அறைக்கு வந்தார்கள். நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். டாக்டர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உள்ளே ஏதோ ஆபரேஷனே நடக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதையும் நான்கு பேர் நம்பினார்கள்.

"அப்ப, யாருகிட்டேருந்து வந்துச்சு?" என்றார் டிரைவர் மறுபடியும்.

"தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எந்த மெஷினுக்கும் தெரியாது. எப்பவோ வந்து தூங்கிக்கிட்டு இருந்திருக்கலாம். உங்ககிட்டேருந்தே கூட வந்திருக்கலாம். அதுக்காக உங்களையும் நான் கெட்டவர்னு சொல்ல மாட்டேன்."

டிரைவருக்கு அது எதிர்பாராத திருப்பம். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்க பொண்ணுக்கு ஊசி போடலாம்னு வேற சொல்றீங்க. இதுல ஏதாவது கம்பெனி வியாபாரம் இருக்கா டாக்டர்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானும் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவதான். சந்தேகப்படுங்க, தப்பில்லை. சந்தேகத்தைக் கேட்டுத் தீர்த்துக்குங்க. இந்தச் சனிக்கிழமை என் பொண்ணுக்குப் போடப் போறேன். உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

ஆனால் தையல்காரம்மா மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஒரு வார்த்தை சொல்லாமலே எழுந்து போனார். அது டாக்டரை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம், பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரம். கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் அறைக்கு வெளியே பெண்கள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு கணவரோடு வாசல் வரை வந்தார். வரிசையைப் பார்த்ததும் கால் பின்னுக்கு இழுத்தது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? திரும்பிவிடலாம் என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வரிசையில் ஒரு வரி டாக்டர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை. கையில் டோக்கன். பக்கத்தில் அவர் கணவர், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு.

"டாக்டர், நீங்க இங்க...?"

"எனக்கும் பாசிட்டிவ்தாம்மா. வாங்க, உட்காருங்க" என்று டாக்டர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தையல்காரம்மா உட்கார்ந்தார். டிரைவர் அந்தப் பக்கம் போய், லிஃப்ட்காரர் அருகே கொஞ்சம் கூச்சத்தோடு நின்றுகொண்டார்.

டாக்டருக்கு ஒன்றுமில்லை, அடுத்த வருடம் மறுபடியும் சோதித்தால் போதும் என்றார்கள். தையல்காரம்மாவுக்கு ஆரம்ப நிலையில் மாற்றம் தெரிந்தது. இப்போதே வந்ததால் சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும், விட்டிருந்தால் புற்றுநோயாகியிருக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டு டிரைவர் சுவரோரமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மனைவியின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது தையல்காரம்மா டாக்டரின் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க டாக்டர். அன்னிக்கு எனக்கு ஒரு கிருமி இருக்குன்னு நீங்க சொன்னது என் காதுல விழவே இல்லை. கெட்ட பேருதான் விழுந்துச்சு. நோயைக் கண்டுபிடிக்கப் படிச்ச நீங்க, அதைச் சொல்றதுக்கும் படிக்கணும். அரைகுறையாச் சொன்னா எங்களுக்கு வைத்தியம் கிடைக்காது, சந்தேகம்தான் கிடைக்கும்."

"இனிமே முழுசாச் சொல்றேன்மா" என்றார் ஒரு வரி டாக்டர்.