காலியாகக் கிடந்த வியாழக்கிழமை

அலுவலக மெயிலையும் காலண்டரையும் எல்லாரும் பார்க்கிற பொதுவான சர்வருக்கு மாற்றியபோது, டிரைவர் தன் காலண்டர் பக்கத்தில் ஒரு வரிகூட எழுத விடவில்லை.

"என் வீட்டுச் சங்கதி ஊருக்கெல்லாம் எதுக்கும்மா?" என்று கம்ப்யூட்டர்காரப் பெண்ணை முறைத்தார்.

வியாழன் மாலை அவர் மனைவிக்குக் கண் ஆபரேஷன். முந்தின நாள் பார்த்தால், அதே நேரத்துக்கு மேனேஜர் அவரை வெளியூர்ப் பயணத்துக்குப் போட்டிருந்தார்.

"உங்க பக்கம் காலியா இருந்துச்சேண்ணே. சும்மாதான் இருப்பீங்கன்னு நெனச்சேன்," என்றார் மேனேஜர்.

டிரைவருக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்காமலிருந்தால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்றல்லவா நம்பியிருந்தார்? காலி இடத்தைக் கண்டால் எவனும் துண்டு போடத்தான் செய்வான்.

நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"எழுதும்மா. வியாழன் நாலு மணி, பொண்டாட்டிக்குக் கண் ஆபரேஷன்."

"எல்லாரும் பாப்பாங்களே, பெரியப்பா?"

"பாக்கட்டும். நான் பக்கத்துல இருக்கணும்னும் சேத்து எழுது."

சற்று நேரத்தில் பயணம் வெள்ளிக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது.