ஓரகத்தியின் நகப் பரிசோதனை

என் கையில் வெண்புள்ளி வந்த நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் புள்ளியைத்தான் பார்ப்பார்கள். இந்தத் தோல் டாக்டரம்மா மட்டும் நகத்தைப் பிடித்துக்கொண்டார். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு நகமும் மாறுகிறதா என்று ஆராய்ச்சியாம். லென்ஸோடு குனிந்தவர் நிமிரவே இல்லை.

“நீளக்கோடு இருக்கு. சுண்டுவிரல்ல குட்டிக் குழி. அட, ஓரமெல்லாம் பச்சையா இருக்கே. இப்படி நான் பார்த்ததே இல்லையே” என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“அது கேக்குக்குப் போடற கலரு டாக்டர். காலைல இலை வரைஞ்சேன்.”

அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. நன்றாகக் கழுவிவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

ஆமாம், எங்களுடையது கேக் கடை. நான் பின்னறையில் பூவும் இலையும் போடுவேன். என் கணவரின் அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, முன்னால் மகாராணி மாதிரி நின்று விற்பாள். எனக்கும் முன்னால் நிற்க ஆசை. நான் போட்ட பூவைப் பார்த்து வாங்குகிறவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா? கேட்டால், “உன் கையைப் பாத்தா கேக்குல ஒட்டிக்கும்னு நெனப்பாங்கடி. ஊர் வாயை மூட முடியுமா” என்பாள். ஊர் வாய் என்னவோ இவளிடம்தான் குடியிருந்தது.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு ஒப்பிட்டுப் பார்க்க, என் வயதை ஒட்டிய, என்னைப் போலவே தண்ணீரிலும் சோப்பிலும் கிடக்கிற, ஆனால் புள்ளி இல்லாத ஒருவர் வேண்டுமாம். ரத்த சொந்தமாக இருக்கக் கூடாதாம். எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? “உங்க நகத்தைப் பாக்கணும்னு டாக்டரே ஆசைப்படறாங்கக்கா” என்று கொஞ்சம் ஐஸ் வைத்ததும் கிளம்பிவிட்டாள். அவள் நகத்தில் நாலு குழி இருந்தால் ஒரு வருஷத்துக்குச் சிரிக்கலாம் என்பது என் கணக்கு.

“நெயில் பாலிஷை எடுத்துடுங்க. மோதிரத்தையும்” என்றார் டாக்டர்.

“மோதிரம் கழலாதுங்க.”

“நான் கழட்டறேன்” என்று சோப்போடு பாய்ந்தேன். மாவு பிசைகிற கைக்கு ஒரு மோதிரம் எம்மாத்திரம்? அவள் “விடுடி, விடுடி” என்றாள். நான் விட்டால்தானே. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

அடியில் வெள்ளையாக ஒரு பட்டை. மோதிரத் தடம் என்றுதான் நினைத்தேன். டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெண்புள்ளியைக் காட்டிக்கொடுக்கிற ஊதா விளக்கை எங்கள் இருவர் கை மேலும் பிடித்தார். என் கை எப்படிப் பளிச்சிட்டதோ அப்படியே அவள் விரலும் பளிச்சிட்டது.

“உங்களுக்கும் வெண்புள்ளிம்மா. பயப்பட ஒண்ணுமில்ல, யாருக்கும் ஒட்டாது. எவ்வளவு நாளா இருக்கு?”

“ரொம்ப நாளா” என்றாள்.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அப்போது அவள் என்னைப் பார்த்து, “அப்ப நானும் பின்னறைக்குப் போயிடணுமாடி?” என்று கேட்டாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த அறைக்குள் தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என்னைத் தள்ளியிருக்கிறாள். ஆனால் அவள் மோதிரத்தை எடுத்து அந்தப் பட்டையை மறைக்க அவசரமாக மறுபடி மாட்டப் பார்த்தாள். அதைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

“யாரும் எங்கயும் போக வேணாம். நாளையிலேர்ந்து நான் முன்னாடி நிக்கறேன். நீங்களும் பக்கத்துல நில்லுங்க.”

அவள் மோதிரத்தைக் கைப்பையில் போட்டாள். மேஜையில் இருந்த என் கைக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தாள். டாக்டர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே யாரிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டார்.

“மூத்தவங்க முதல்ல” என்றேன்.

“வாயை மூடுடி” என்றாள் ஓரகத்தி. ஆனால் கையை எடுக்கவில்லை.