ஆற்றின் நடுவே ஒரு புள்ளி

சனிக்கிழமைகளில் நான் கொலம்பியாவின் பாரங்கியா நகரில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மக்தலேனா ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு இணையத்தில் பூகோளம் நடத்துகிறேன். பள்ளியைப் பாதியில் விட்டு, வளர்ந்தபின் மறுபடி படிக்க வந்தவர்கள். பாதிப் பேர் கேமராவைத் திறக்கமாட்டார்கள். திரையில் கறுப்புக் கட்டங்களும் பெயர்களும்தான். ஆனால் அந்தக் கறுப்புக்குள் சேவல் கூவும், யாரோ மீன் பொரிப்பார்கள், சில நேரம் என் ஊரில் பெய்யாத மழை அங்கே பெய்யும்.

அந்தச் சத்தங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வரைபடத்திலேயே கதை சொல்ல ஒரு செயலி இருக்கிறது. ஒரு புள்ளி வைத்து அதில் படம், ஒலி, நாலு வரி எதையும் சேர்க்கலாம். விரலால் தள்ளத் தள்ள, வரைபடம் ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் பறவைபோலப் பறக்கும். "காதால் தெரிந்த ஓர் இடத்தை வையுங்கள்" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து பறந்தோம். சதுப்பு நிலங்களின் பச்சைமேல் மிதந்து, ரோஸ்மீராவின் எண்ணெய்ச் சட்டிக்குள் இறங்கினோம். அரேபா என்ற சோள அடை பொரியும் சத்தம். அங்கிருந்து ஒரு தேவாலயக் கதவின் கிறீச்சு. பிறகு வரைபடம் திரும்பி, ஆற்றின் நட்ட நடு நீலத்தில் போய் நின்றது. அது நெல்சியின் புள்ளி. கணவன் பனாமாவில் வேலைக்குப் போயிருக்க, கைக்குழந்தை சொலேயோடு கீழ்க்கரையில் இருப்பவள்.

"அடியே நெல்சி, தண்ணிக்குள்ள விழுந்துட்டியா? படகு அனுப்பட்டுமா?" என்றாள் ரோஸ்மீரா. கறுப்புக் கட்டங்களெல்லாம் சிரித்தன.

"எங்கேருந்து வருதுன்னு தெரியலக்கா. அதான் நடுவுல வச்சேன்" என்றாள் நெல்சி. "போன கோடையிலேருந்து தினம் பொழுது சாயுற நேரம் வரும். சொலேய் வயித்துவலியில கத்துவா. இது கேட்டா அப்படியே அடங்கிடுவா. அவருக்கு அனுப்பலாம்னு பதிவு பண்ணேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் நின்னுபோச்சு."

ஒலியை ஓடவிட்டேன். தவளைகள். ஊஞ்சல் கயிறு முனகுகிறது. குழந்தை சிணுங்குகிறது. அவற்றுக்கெல்லாம் பின்னால், தண்ணீர்மேல் நடந்துவருவதுபோல, அடிக்குரலில் ஒரு பித்தளை வாத்தியம். அதற்கும் பின்னால், மிக லேசாக, ஒரு பெரிய மேளத்தின் துடிப்பு.

"ரேடியோவா இருக்கும்" என்றார் ஒருவர். "ஆத்துல போன பாட்டுக்காரன் ஆவிடி" என்றாள் ரோஸ்மீரா.

அப்போது திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. எழுதியவர் ஒவீதியோ. மீன் கிடங்கில் ஐஸ் உடைக்கும் வேலை. வகுப்பில் அதுவரை வாயே திறக்காத மனிதர். "இன்னொரு தடவை போடுங்க டீச்சர்."

போட்டேன். "இன்னொரு தடவை." மறுபடி போட்டேன். முடிவதற்குள் அவருடைய கட்டம் மறைந்துவிட்டது.

ஞாயிறு காலை, எல்லோரும் திருத்தக்கூடிய அந்த வரைபடத்தைத் திறந்தேன். நெல்சியின் புள்ளி இடம் மாறியிருந்தது. நீலத்திலிருந்து நகர்ந்து, நெல்சி வீட்டுக்கு எதிர்ப்புறம் மேல்கரையில், மீன் கிடங்குக்குப் பின்புறம் போய் உட்கார்ந்திருந்தது. கீழே ஒரே வரி: "இங்கிருந்துதான். மேளம் என் தம்பி நாஃபெர்."

ஒவீதியோவைப் போனில் கூப்பிட்டேன்.

"என் பொம்பார்தீனோ டீச்சர் அது" என்றார். மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளை வாத்தியம். "நானும் அவனும் வேலை முடிஞ்சு கரையில உக்காந்து வாசிப்போம். கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காய்ச்சல்ல போயிட்டான். அதுக்கப்புறம் நான் உறையைத் திறக்கல. அவன் அடிச்சது எங்கயும் பதிவாகலன்னு நெனச்சிருந்தேன். அந்தப் பிள்ளை வீட்டுல ஒரு வருஷமா இருந்திருக்கு."

"நெல்சிகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. ஆனா வாசிக்கச் சொல்லி மட்டும் கேக்க வேணாம்னு சொல்லுங்க."

நெல்சி கேட்கவில்லை. அந்த ஒலியை மட்டும் ஒவீதியோவுக்கு அனுப்பிவைத்தாள். அவர்தான் சில வாரம் கழித்து எனக்கு எழுதினார்: "இந்தத் தடவை வகுப்பைச் சாயங்காலம் வச்சுக்கலாமா?"

அன்று முதன்முறையாக அவர் கேமராவைத் திறந்தார். அகன்ற முகம், ஐஸ் தின்ற விரல்கள், மடியில் பித்தளை. ஊதினார். கன்னங்கள் உப்பின, எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாசிப்பை இரைச்சல் என்று எண்ணி வகுப்புச் செயலி துடைத்துப் போட்டுவிட்டது. நான் எந்தெந்தப் பொத்தானையோ அழுத்திப் பார்த்தேன்.

"விடுங்க டீச்சர்" என்றாள் நெல்சி. "அண்ணே, போனைப் பாத்து ஊதாதீங்க. ஆத்தைப் பாத்துத் திரும்புங்க. நான் ஜன்னலைத் திறக்கிறேன்."

அவர் திரும்பி உட்கார்ந்தார். முதுகும் அதற்கப்பால் ஆரஞ்சு நிற நீரும் மட்டுமே தெரிந்தன. காற்று அடங்கியிருந்தது. அவருடைய தோள் எழுந்தது. இன்னொரு கட்டத்தில் நெல்சி ஜன்னலோரம் நின்றாள். எங்கும் சத்தமில்லை. பிறகு, அந்த இசை ஆற்றைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் கழித்து, அவள் முகம் மாறியது. இடுப்பிலிருந்த சொலேய் தலையைத் திருப்பி, இருட்டிக்கொண்டிருந்த வெளியைப் பார்த்தாள். வாயில் வைத்த விரலை எடுக்க மறந்துபோனாள்.

ஒவ்வொரு கட்டமாகக் கேமராக்கள் திறந்தன. நான் பார்த்தேயிராத முகங்கள். ரோஸ்மீராவுக்கு இவ்வளவு நரை இருக்குமென்று நான் நினைக்கவில்லை. கேட்காத இசையை எல்லோரும் நெல்சியின் முகத்தில் கேட்டுக்கொண்டிருந்தோம். பூகோளப் பாடத்தை அன்று நான் தொடவே இல்லை.

பிறகு ஒரு ஞாயிறு நெல்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகில் அக்கரைக்குப் போனாள். ஒவீதியோ சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக் காத்திருந்தாராம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதல் சுரத்தை ஊதியதும் சொலேய் வீல் என்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள்.

"அண்ணே, நீங்க அக்கரையிலேயே இருங்க. அதான் உங்களுக்கு அழகு" என்று நெல்சி சொல்ல, தம்பி போனபிறகு அவர் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக அவருடைய மனைவி சொன்னாராம்.

இப்போது பக்கத்து ஊர் வாத்தியக் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். திருவிழா வரும் சனிக்கிழமைகளில் வகுப்புக்கு மட்டம். அவருக்குமாகச் சேர்த்து நெல்சி குறிப்பெடுத்து வைக்கிறாள்.