பாட்டு நின்ற திருவிருந்து

"அப்பா, இயேசுசாமிக்கு உங்களைப் பிடிக்காதா? எல்லாருக்கும் அப்பம் குடுக்கறாரு, உங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்லையே?"

முன்பல் விழுந்த வயதில் மகள் கேட்டது. ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அவர் சிரித்து மழுப்பிவிட்டார். "யாராவது வாசிக்கணும்ல, குட்டி?"

திருவிருந்தின்போது பாட்டு நிற்கக்கூடாது என்பது அந்த ஆலயத்து வழக்கம். கடைசி ஆள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கித் திரும்பும்வரை அவர் கட்டைகளை விட்டுக் கையெடுக்க முடியாது. ஆராதனை முடிந்தபின் போதகரிடம் கேட்டால் தருவார். இவர்தான் கேட்டதில்லை.

மகள் இப்போது கடல் கடந்து இருக்கிறாள். மனைவி கல்லறைத் தோட்டத்தில். வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, திருவிருந்து தொடங்கும் நேரத்தில் மின்சாரம் போயிற்று. ஆர்கன் பாதிச் சுரத்தில் அடங்கியது. பாடகர் குழுவின் மூத்த அம்மா குனிந்து கிசுகிசுத்தார்.

"இன்னிக்காவது உங்களுக்கு லீவு கிடைச்சுதே! எந்திரிச்சு வாங்க."

அவர் போய் மண்டியிட்டார். அப்பம் தருமுன் போதகர் வழக்கமான அழைப்பைச் சொன்னார். "எல்லாரோடும் சமாதானமாக இருப்பவர்கள் கிட்டி வாருங்கள்." ஆண்டுக்கணக்காக அந்த வாக்கியம் அவருடைய இசைக்கு அடியிலேயே அமுங்கிக் கிடந்தது. இன்றுதான் காதில் விழுந்தது.

தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த காலம் முழுவதும் தம்பி ஒருவனே பார்த்துக்கொண்டான். இவர் வாசலில் நின்று, "பாட்டுப் பயிற்சி இருக்கு" என்று நழுவிவிடுவார். அடக்கத்தன்று தம்பி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்: "ஒரு நாளாவது அம்மாவுக்குத் துணி மாத்தியிருக்கியாண்ணா?" அதோடு பேச்சு வார்த்தை அறுந்தது. அவமானப்பட்டவர் தாம்தான் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "அடேயப்பா, வழி தெரிஞ்சுதா அத்தான்? இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டீங்களே!" பிறகு குரல் தணிந்தது. "அவருக்கு இப்ப யாரையும் அடையாளம் தெரியல. என்னையே நர்ஸம்மான்னுதான் கூப்பிடறாரு."

கட்டிலோரம் குனிந்து, "தம்பி, என்னை மன்னிச்சுருடா" என்றார்.

தம்பி மரியாதையாகத் தலையசைத்தான். "அதனால என்னங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

அதைவிட அவன் திட்டியிருக்கலாம் என்று தோன்றியது. தாமதமாக வந்த மன்னிப்பை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. திரும்பும் வழியெல்லாம் தனியாக அழுதார்.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனார். அதற்கடுத்த வாரமும் போனார். பலம் தாரும் என்று ஜெபத்தில் கேட்காமலே கால்கள் அந்தத் தெருவுக்குத் திரும்பப் பழகின. தம்பி மனைவியின் கிண்டலும் மெல்லக் குறைந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்: "கொஞ்சம் பாத்துக்கோங்க அத்தான். மருந்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

அவள் தெருமுனை திரும்பியதும் தம்பியின் படுக்கை நனைந்திருப்பதைக் கண்டார். வாசல் பக்கம் ஒருமுறை கண் போயிற்று. பிறகு சட்டைக் கையை மடித்தார். வெந்நீரில் துணியை முக்கித் துடைத்தார். ஈரம் ஒற்றி, பவுடர் போட்டு, மெதுவாகப் புரட்டி, மாற்று விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகினார். கண்ணை மூடியிருந்த தம்பி சுகமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

அழுக்கு விரிப்பைத் தாமே அலசிக் கொல்லைக் கொடியில் மற்ற துணிகளுக்கு நடுவே காயப்போட்டார். அவள் திரும்பி வந்தபோது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார்.