மூன்று சுற்று டேப்

நான்காவது முறையும் பழைய திரையே வந்து நின்றது. பிழைக்க வந்த வடக்கூரில், தாபோடி அறையில், தரையில் கிடந்த லேப்டாப்போடு முகுந்தின் ஃபோன் கேபிளில் கட்டுண்டு கிடந்தது.

"ரெக்கவரி ஏறிருச்சுன்னுதானடா காட்டுது?" என்றான் முகுந்த்.

"ஏறுது மாப்ள, நிக்க மாட்டேங்குது." அறைத்தோழன் ஹரிபிரசாத் மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவன். "ஏத்துன கையோட வால்யூமையும் பவரையும் அமுக்கி நேரா உள்ள போயிரணும். பழைய சிஸ்டம் ஒருவாட்டி எந்திரிச்சுதுன்னா, நாம போட்டத அழிச்சிட்டு தன்னோடத வச்சுக்கும்."

"எங்க காண்ட்ராக்டர் மாதிரி. நாங்க எழுதுன நேரத்த அழிச்சிட்டு அவன் நேரத்தத்தான் வைப்பான்."

நிக்டி பக்கம் ஒரு குடோனில் முகுந்த் பார்சல் கட்டுகிறான். திங்கள் முதல் வருகைப் பதிவு ஆப்பில்தான். அது அவன் ஃபோனின் பழைய ஆண்ட்ராய்டில் திறக்காது. புது ஃபோன் வாங்கு, இல்லையென்றால் வராதே என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ரெக்கவரி என்கிற சின்ன மென்பொருள் உள்ளே நின்றால்தான் புது ஆண்ட்ராய்டை ஏற்ற முடியும்.

முகுந்த் மறுபடி அமுக்கினான். மறுபடி பழைய திரை.

"அமுக்குறியா, தடவிக் குடுக்குறியா?"

"நகமே பேந்துருச்சுடா!"

ஹரி ஃபோனைப் பிடுங்கித் திருப்பினான். பின்மூடி உடைந்த அன்று முகுந்த் அதைப் பார்சல் கட்டுவது போலவே கட்டியிருந்தான். திரையை மட்டும் விட்டு, ஓரம் மடித்து, மூன்று சுற்று, காற்றுப் புகாமல். பழுப்பு டேப்புக்கடியில் வால்யூம் பட்டன் அசையாமல் கிடந்தது.

"அடப்பாவி! ஃபோனையுமா பேக் பண்ணுவ?"

"நான் கட்டுனது ஒண்ணுகூடப் பிரிஞ்சு வந்ததில்ல, தெரியும்ல?"

பிளேடால் கீறி உரித்தார்கள். அடுத்த தடவை ரெக்கவரி மெனு விரிந்தது. சாயங்காலத்துக்குள் புது ஆண்ட்ராய்டும் ஏறிவிட்டது.

திங்கள் காலை, குடோன் கேட்டில் ஆப் திறந்தது. பெயரைக் காட்டியது, முகத்தைப் படம் பிடித்தது. பிறகு சிவப்பு எழுத்து: இந்த ஃபோனின் மென்பொருள் மாற்றப்பட்டுள்ளது, அனுமதி இல்லை.

"ஃபோனைத்தான் மாத்துனேன், கையையா மாத்துனேன்?" கேட்டில் நின்ற சூப்பர்வைசரிடம் தெரிந்த இந்தியில் கேட்டான் முகுந்த்.

சூப்பர்வைசர் உள்ளே போய்க் கேட்டைப் பூட்டினார்.

முகுந்த் நகரவில்லை. கீழே கிடந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தன் பெயரையும், வந்த நேரம் ஏழு ஐம்பது என்றும் எழுதினான். ஆப் திறக்காத பழைய ஃபோனோடு பின்னால் நின்ற சரசாக்கா எட்டிப் பார்த்தாள்.

"என் பேரையும் போடு தம்பி. சரசான்னு பெருசா போடு, அந்தாளுக்குக் கண்ணு தெரியாது."

வெளியே நின்றவர்களில் பதினோரு பெயர் சேர்ந்தது. மணிக்கட்டில் மாட்டியிருந்த டேப் சுருளைக் கழற்றி, அட்டையைக் கேட்டுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினான். ஓரம் மடித்து, மூன்று சுற்று.

உள்ளே பார்சல் நகர்த்தும் பெல்ட் ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசர் திரும்பி வந்து, கம்பி வழியாக விரலை விட்டு டேப்பைச் சுரண்டினார். வரவில்லை. மறுபடி சுரண்டினார்.